நாணல் அம்புக்கு இறகு கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணலோ மெல்லிய மூங்கிலோ வெட்டி, காயவைத்து, நெருப்பில் காட்டி நிமிர்த்தியாயிற்று. அடுத்தது இறகு. வீட்டிலேயே அம்பு செய்பவர்களில் பலர் தடுமாறுவது இங்கேதான். இறகு கட்டும் முறைகளில் பெரும்பாலானவை ஒரே பருமனாக, வழவழப்பாக இருக்கும் மரத்தண்டையோ அலுமினியத் தண்டையோ நினைத்து எழுதப்பட்டவை. நாணலில் கணு உண்டு, பளபளக்கும் தோல் உண்டு, ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும். அதனால் அந்த முறைகள் இதற்கு அப்படியே பொருந்தாது. நாணலில் இறகைப் பிடித்து நிறுத்துவது நூல். பசை அதற்குத் துணை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இறகு கட்டாயம் வேண்டுமா? இல்லாமல் எய்ய முடியாதா?

முடியும். நியூ கினியில் நீண்ட நாணல் அம்புகளை இறகே இல்லாமல் எய்கிறார்கள். அவற்றின் முன்பக்கத்தில் கனமான கட்டை மரத்துண்டு செருகியிருக்கும். அம்பு மிக நீளம். எய்யும் தூரமோ குறைவு. முன்பக்க எடையே அம்பை நேராக இழுத்துச் சென்றுவிடும்.

நாம் செய்யும் அம்பு அப்படிப்பட்டதல்ல. நாணிலிருந்து விடுபட்டதும் அம்பு வில்லைச் சுற்றி வளைந்து நெளிந்து வெளியேறுகிறது. இறகு பின்பக்கத்தில் காற்றைப் பிடித்து இழுப்பதால் வால் முனைக்குப் பின்னால் வந்து சேர்ந்து, நெளிவு சீக்கிரம் அடங்குகிறது. இறகைச் சற்றுச் சாய்த்துக் கட்டினால் அம்பு சுழலவும் செய்யும். தண்டில் மிச்சமிருக்கும் சிறு கோணல் ஒரே பக்கம் இழுக்காமல், சுழற்சியில் சமமாகிவிடும். எவ்வளவு நிமிர்த்தினாலும் நாணலில் கொஞ்சம் கோணல் மிஞ்சும் என்பதால் இந்தச் சுழற்சி நமக்கு ரொம்பவே வேண்டும்.

ஆனால் வில்லின் பலத்துக்குப் பொருந்தாத தண்டை இறகு காப்பாற்றாது. தண்டு வில்லுக்குப் பொருந்துகிறதா என்ற சோதனையை முதலில் முடித்துவிட்டு இறகில் கை வையுங்கள்.

எந்தப் பறவையின் இறகு நல்லது?

வான்கோழியின் சிறகு இறகுதான் இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது. நீளம், விறைப்பு, அகலம் மூன்றும் சரியாக அமைந்திருக்கும். கூஸ் எனப்படும் பெரிய வாத்தின் இறகு இன்னும் உயர்வு என்பது என் எண்ணம். அதில் எண்ணெய்ப்பசை கூடுதல் என்பதால் ஈரத்தைச் சற்று நன்றாகத் தாங்கும்.

சிறகின் வெளிமுனையில் இருக்கும் நீண்ட இறகுகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றுக்கு அடுத்து உட்பக்கம் இருப்பவை மென்மையானவை. பலம் குறைந்த வில்லுக்கு அவையும் போதும். வால் இறகு அழகாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். கோழி இறகைச் சிறிய அம்புக்கும் பழகிப் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

வழியில் கிடந்த கழுகு, பருந்து இறகைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பல நாடுகளில் காட்டுப் பறவைகளின் இறகை வைத்திருப்பதே குற்றம், அது தானாக உதிர்ந்ததாக இருந்தாலும். அமெரிக்காவில் இதற்காக 1918 முதலே சட்டம் இருக்கிறது. வளர்ப்புப் பறவைகளின் இறகே போதும்.

இடச்சிறகு, வலச்சிறகு என்று பிரிக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?

சிறகு இறகு தட்டையானதல்ல. அதற்கு இயல்பான ஒரு வளைவு உண்டு. வலச்சிறகு இறகு ஒரு பக்கம் வளையும், இடச்சிறகு இறகு அதற்கு எதிர்ப்பக்கம் வளையும். ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுழற்றப் பார்க்கும். அம்பு தடுமாறும்.

பிரிப்பது எளிது. இறகின் மேல்பக்கம், அதாவது காம்பில் பள்ளக்கோடு இல்லாத பக்கம், உங்களைப் பார்க்க, தடித்த அடிக்காம்பு உங்கள் பக்கமும் நுனி எதிர்ப்பக்கமும் இருக்குமாறு பிடியுங்கள். அகலமான பகுதி நடுக்காம்பின் வலப்பக்கம் இருந்தால் அது வலச்சிறகு. இடப்பக்கம் இருந்தால் இடச்சிறகு. இரண்டில் எது வேண்டுமானாலும் சரி, ஓர் அம்புக்கு ஒரே வகை, அவ்வளவுதான். ஜப்பானிய வில்வித்தையில் இந்த வேறுபாட்டையே முறையாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே அம்புகள் சோடியாக வரும். முதலில் எய்யும் ஹயாவும் அடுத்து எய்யும் ஒட்டோயாவும் எதிரெதிர்த் திசையில் சுழலும்படி இறகு கட்டியிருப்பார்கள். அந்த அம்புகளின் மரபான தண்டும் மெல்லிய மூங்கில்தான்.

இறகை எப்படிப் பிளப்பது?

இரண்டு வழி உண்டு. முதலாவது உரிப்பது: நுனிப் பக்கம் அகலமான பகுதியைப் பிடித்து, நடுக்காம்பிலிருந்து விலக்கி, அடிக்காம்பை நோக்கி மெதுவாக இழுத்தால் மெல்லிய தோல்பட்டையோடு உரிந்து வரும். வேகமான வேலை. ஆனால் இப்படி வரும் அடித்தோல் மிக மெல்லியது. இரு முனையிலும் நூல் கட்டக் காம்பு மிஞ்சாது. நூலை நம்பி வேலை செய்யும் நமக்கு இது அவ்வளவாக உதவாது.

இரண்டாவது வழி, காம்பையே நீளவாக்கில் பிளப்பது. காம்பின் அடிப்பக்கம் நடுவில் ஒரு பள்ளக்கோடு தெரியும். இறகைப் பலகையில் வைத்து, கூரிய பிளேடால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நுனிவரை கீறுங்கள். அகலமான பாதியை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடலாம். அப்புறம் காம்பின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, பலகையில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் வைத்துத் தேயுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்தால் போதும். கனம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். தடித்த இடம் இருந்தால் அங்கே இறகு தண்டில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

காம்பு வளைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்திக் காயவிடுங்கள். கசங்கிய இழைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் காட்டினால் தாமாகவே எழுந்துவிடும். பழைய இறகு என்று தூக்கி எறியும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியாக இரு முனையிலும் இழைகளை நீக்கி வெறும் காம்பை விட வேண்டும். முன்பக்கம் ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர், பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர். நூல் பிடிப்பது இந்த வெறும் காம்பைத்தான்.

தண்டில் எந்தப் பக்கம் இறகு வர வேண்டும்?

மெலிந்த முனையில். பருத்த முனை முன்னால் போனால் எடையும் முன்னால் இருக்கும். அம்பு நேராகப் போகும். மாற்றிச் செய்பவர்களும் உண்டு. முதல் அம்பு செய்பவருக்கு நான் சொல்வது பருத்த முனை முன்னால் என்பதுதான்.

நாணை மாட்டுவதற்கான வெட்டைப் போடும்போது கணுவைக் கவனியுங்கள். வெட்டின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரு கணு வருமாறு தண்டை அளந்து அறுங்கள். நாணல் உள்ளே பொள்ளல். வெட்டிலிருந்து பிளவு தொடங்கினால் நீளவாக்கில் ஓடும். கணு அதைத் தடுத்து நிறுத்தும். அதோடு வெட்டுக்குக் கீழே நூலையும் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். பொள்ளல் பெரிதாக இருந்தால் முதலில் ஒரு மரச்சக்கையைப் பசை வைத்துச் செருகி, அது காய்ந்த பிறகு வெட்டுப் போடுங்கள்.

இறகு உட்காரும் இடத்தை எப்படித் தயார் செய்வது?

பலர் தாண்டிப் போகும் வேலை இது. நாணலின் தோலில் மெழுகு மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நன்றாகப் பிடிக்காது. இறகு வரும் நீளம் முழுவதும் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து லேசாகச் சுரண்டி, உப்புத்தாளால் மங்கலாகத் தேய்த்துவிடுங்கள். பளபளப்பு போனால் போதும். ஆழமாகச் சுரண்டினால் தண்டின் பலமே போய்விடும், ஏனென்றால் உறுதியான நார்கள் எல்லாம் தோலை ஒட்டித்தான் இருக்கின்றன.

கணு வந்தால் அதன் மேட்டை மட்டும் அரத்தால் தணித்து வழவழப்பாக்குங்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவில் இறகு அடங்கும்படி தண்டைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இந்த வேலையே இல்லை. கிளை முளைத்த பக்கத்தில் கணுவுக்கு மேல் ஒரு பள்ளம் ஓடும். எந்த இறகும் அந்தப் பள்ளத்தின் மேல் உட்காராதபடி திருப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தண்டு முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். பச்சைத் தண்டில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தண்டு காய்ந்து சுருங்கியதும் கட்டு தளர்ந்துவிடும். நிமிர்த்தும் வேலையையும் முன்பே முடித்துவிடுங்கள். இறகு கட்டிய பிறகு அந்தப் பகுதியை நெருப்பில் காட்ட முடியாது.

எத்தனை இறகு? எந்த இடைவெளியில்?

மூன்று, சம இடைவெளியில். ஒரு காகிதத் துண்டைத் தண்டைச் சுற்றி ஒட்டிப் பிடித்து, ஒரு சுற்று முடியும் இடத்தில் குறித்து, விரித்து, மூன்றாக மடியுங்கள். மடிப்புகளைத் தண்டில் குறித்துக்கொண்டால் அளவு சரியாக வந்துவிடும். மூன்றில் ஒரு இறகு நாண் வெட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அம்பை நாணில் மாட்டும்போது அது வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்; மற்ற இரண்டும் வில்லில் அதிகம் உரசாமல் கடந்து போகும்.

இறகின் நீளம் 10 முதல் 13 சென்டிமீட்டர், உயரம் ஒன்றேகால் முதல் ஒன்றரை சென்டிமீட்டர். நாண் வெட்டிலிருந்து இரண்டரை முதல் 3 சென்டிமீட்டர் விட்டு இறகு தொடங்கட்டும். இல்லாவிட்டால் நாணை இழுக்கும் விரல் இறகில் படும்.

பசை மட்டும் போதாதா?

சுரண்டித் தயார் செய்த தண்டில் நல்ல நவீனப் பசை கொஞ்ச காலம் பிடிக்கும். சூப்பர் க்ளூவும் பிடிக்கும், ஆனால் அது விறைத்து உடையக்கூடியது. நாணல் வளையும்போது ஓரத்திலிருந்து விட்டுப்போகும். முன்முனையையாவது நூலால் கட்டாமல் எந்த அம்பையும் எய்யாதீர்கள்.

அதற்குக் காரணம் உங்கள் கை. அம்பைக் கைமுட்டியின் மேல் வைத்து எய்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இறகு கையை உரசிக்கொண்டுதான் போகிறது. முன்பக்கக் காம்பு தூக்கிக்கொண்டு நின்றால் அது அம்பின் வேகத்தில் தோலுக்குள் ஊசியாக இறங்கும். அதனால் முன்முனைக் காம்பைக் கத்தியால் சரிவாகச் சீவி, ஒன்றுமில்லாமல் கரைகிற அளவுக்கு மெலிதாக்குங்கள். நூல் அந்தச் சரிவை முழுவதும் மூடி, அதற்கு அப்பாலும் சில சுற்றுகள் தண்டில் ஏற வேண்டும். கட்டி முடித்ததும் கட்டைவிரலை முனைப் பக்கத்திலிருந்து இறகை நோக்கி ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது தட்டுப்பட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

சரி, கட்டும் முறையை முழுவதும் சொல்லுங்கள்.

முதலில் திசை. இறகின் தடித்த அடிப்பக்கம் அம்பு முனையை நோக்கி, மெலிந்த நுனி நாண் வெட்டை நோக்கி. இழைகள் பின்பக்கம் சாய்ந்திருந்தால் சரி. முன்பக்கம் சாய்ந்திருந்தால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்.

நூல் மெல்லியதாகவும் பலமாகவும் இருக்கட்டும். பட்டுநூல் அருமையானது, லினன் நூலும் நல்லது. மெழுகு பூசிய நூல் சுற்றுவதற்குச் சுகமாக இருக்கும், ஆனால் பிறகு மேலே பூசும் பசையோ வார்னிஷோ அதில் ஊறாது.

பின்முனையில் ஆரம்பியுங்கள். மூன்று இறகின் பின்காம்பையும் குறித்த கோடுகளில் வைத்து, நூலை ஒட்டி ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கக் கை போதாது. துளிப் பசை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து ஒவ்வொரு இறகையும் முன்பக்கம் நன்றாக இழுத்து, கோட்டில் படியவைத்து, முன்காம்புகளைத் தண்டோடு சேர்த்து வேறொரு நூலால் இழைகள் தொடங்கும் இடத்திலிருந்து அம்பு முனையை நோக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். இந்த இழுப்பு முக்கியம். தளர்வாகக் கட்டிய இறகு நடுவில் வில்லாக எழும்பி நிற்கும்.

கட்டை முடிக்க முடிச்சு வேண்டாம். கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன் தனியாக ஒரு நூலை மடித்து வளையமாகத் தண்டின்மேல் வையுங்கள். அதன் மேலேயே சுற்றி முடித்து, நூல் முனையை வளையத்துக்குள் விட்டு, வளையத்தை இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். வெளியே நீட்டியிருப்பதை வெட்டிவிடலாம்.

இரு முனையும் கட்டியதோடு நிறுத்தலாம். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் நடுப்பகுதியிலும் நூலைத் திருகுசுற்றாக ஓட்டுங்கள். 5, 6 மில்லிமீட்டர் இடைவெளியில், ஊசிமுனையால் இழைகளை விலக்கி, நூல் காம்பின்மேல் படியும்படி சுற்றிக்கொண்டே போக வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் இப்படிக் கட்டிய இறகு பசை விட்டுப்போனாலும் அசையாது. 1545-ல் மூழ்கி 1982-ல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் அம்புகளில் இந்தத் திருகுசுற்றின் தடம் இன்றும் தெரிகிறது. இறகுகள் அழிந்துவிட்டன, செம்புக் களிம்பு கலந்த பூச்சில் நூல் பதிந்த கோடுகள் மட்டும் நிற்கின்றன. அதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதனின் அம்புக்கூட்டில் 14 அம்புகள் இருந்தன. முழுதாகச் செய்து முடித்தவை இரண்டுதான். அந்த இரண்டிலும் மூன்று மூன்று இறகுகள், பிர்ச் மரத்துத் தாரும் நூலும் சேர்ந்து பிடித்தவை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பசையையும் நூலையும் சேர்த்துத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் நூல்மேல் பசை அல்லது வார்னிஷை மெல்லியதாகப் பூசுங்கள். இழைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலுக்குப் பதில் விலங்கின் தசைநார் பயன்படுத்தலாமா?

தாராளமாக. காய்ந்த தசைநாரைத் தட்டி இழை இழையாகப் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சுற்றினால் அது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும், முடிச்சும் வேண்டாம். காயும்போது சுருங்கி இறுக்கும், நூலுக்கு இந்தக் குணம் கிடையாது. குறை ஒன்று: ஈரம் பட்டால் தளரும். மேலே அரக்குப் பூச்சு கொடுங்கள்.

தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையும் இதேபோல்தான். பிடிப்பில் குறை சொல்ல முடியாது, ஈரம்தான் ஆகாது. அதைக் காய்ச்சும்போது நேரடி நெருப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும்.

இறகை நேராகக் கட்டுவதா, சாய்த்தா?

கொஞ்சம் சாய்த்து. முன்முனை நடுக்கோட்டிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினால் போதும். நாண் வெட்டுப் பக்கத்திலிருந்து, இறகு மேலே இருக்கும்படி பார்த்தால், வலச்சிறகு இறகின் முன்முனை வலப்பக்கம் விலக வேண்டும். இடச்சிறகு இறகுக்கு இடப்பக்கம். மாற்றிச் சாய்த்தால் இறகின் இயல்பான வளைவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சாய்வு கூடக் கூட அம்பின் வேகம் குறையும்.

இரண்டு இறகு அம்பு என்று ஒன்றைப் பார்த்தேன். அது வேலை செய்யுமா?

செய்யும். வட அமெரிக்காவின் செரோக்கி மக்கள் ஆற்றோர நாணலில் செய்யும் அம்புகளில் இரண்டு இறகுதான். தண்டுக்குச் செங்குத்தாக நிற்காமல் இருபக்கமும் தட்டையாகப் படிந்திருக்கும். பிளக்கவும் தேய்க்கவும் நேரமில்லாதவர்களுக்கு இதுதான் சுலபம். இறகுகள் நீளமாக இருக்க வேண்டும். கட்டும்போது லேசாகத் திருகினால் சுழற்சியும் கிடைக்கும்.

இறகை எப்போது வெட்டி வடிவம் கொடுப்பது?

கட்டி முடித்த பிறகு. அட்டையில் வடிவத்தை வெட்டி இறகோடு சேர்த்துக் கிளிப் போட்டு, கூரிய கத்தரிக்கோலால் வெட்டுங்கள். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயரும் நீண்ட முக்கோணமே எளிது. வளைந்த வடிவங்கள் பார்க்க அழகு. பறப்பதில் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை. உயரமாக விட்டால் அம்பு சீக்கிரம் நேராகும், ஆனால் இரைச்சலும் கூடும், தூரமும் குறையும்.

அம்பு ஆடிக்கொண்டே போகிறது. இறகின் குற்றமா?

முழுவதும் அதுவாக இருக்காது. வால் பக்கவாட்டில் ஆடினால் தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை. மேலும் கீழுமாக ஆடினால் நாணில் அம்பு மாட்டும் இடத்தை ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். இறகின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது வில்லில் மோதுகிறது. நாண் வெட்டு திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்பு வைக்கும் இடத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி ஒரு முறை எய்தால் எந்த இறகு எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

மழையில் நனைந்தால்?

இறகு படிந்துபோகும், அம்பு தடம் மாறும். உதறி, நிழலில் காயவைத்து, ஆவியில் காட்டினால் பழைய நிலைக்கு வரும். எடுத்துவைக்கும்போது இறகு நசுங்காமல், காற்றோட்டமாக, பூச்சி அண்டாத இடத்தில் வையுங்கள். இறகைத் தின்னும் அந்துப்பூச்சி ஒரு கட்டு அம்பையும் வீணாக்கிவிடும்.

தண்டு உடைந்த அம்பின் இறகைக் கழற்றி வேறு தண்டில் கட்டலாமா?

நூலால் கட்டியது என்றால் கலங்காமல் செய்யலாம். நூலை அறுத்து, வச்சிரம் பூசியிருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் இறகு தானே விட்டு வரும். உடையாத தண்டையும் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் இரு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, சுழற்றிச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். சின்னச் சத்தம் வந்தாலும், நீளவாக்கில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் அந்தத் தண்டை இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட நாணல் நாண் தள்ளும் வேகத்தில் சிம்புகளாகப் பிளந்து, வில்லைப் பிடித்திருக்கும் கையில் இறங்கும். இறகை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.